பழைய கணினியைப் புதுப்பிப்பதா, புதியதை வாங்குவதா?

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் நகரில் ஒரு தாமான் வீடு. வரவேற்பறையின் மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், கருநிறக் கணினிப் பெட்டி ஒன்று நிற்கிறது. 2017ஆம் ஆண்டில், அண்ணன் படிவம் ஐந்தில் பயின்றபோது வாங்கியது அது. அண்ணன் பட்டப்படிப்பை முடித்து வேலைக்கும் சென்றுவிட்டான். இப்போது படிவம் நான்கில் பயிலும் தம்பியின் கையில் அக்கணினி இருக்கிறது. பள்ளிப் பாடங்களைச் செய்வதும் அதில்தான். மாலையில் நண்பர்களோடு இணைந்து விளையாடுவதும் அதில்தான். மாத இறுதியில் அப்பா மின்கட்டணம் செலுத்துவதும் அதில்தான்.

“புதுசா ஒன்னு வாங்கலாம்பா” என்கிறான் மகன். நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர் அப்பா. “ஓடுற வண்டிய எதுக்குடா மாத்தணும்?” என்கிறார். “எங்கப்பா ஓடுது? தள்ளிக்கிட்டுல்ல போறேன்!” என்பது மகனின் பதில்.

இந்தக் குடும்பம் கற்பனையே. ஆயினும், இந்த உரையாடல் ஜொகூரில் பல வீடுகளில் கேட்கக்கூடியது. இதில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பிழை எங்கே என்றால், இருவருமே விடையிலிருந்து தொடங்குகின்றனர். வாங்கலாம், வேண்டாம் என்பவை விடைகள். அக்கணினியில் உண்மையில் எது பழுது, எது பழையது, எது போதாது என்ற கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை.

கணினி என்பது ஒரே பொருள் அன்று. அது பல பாகங்களின் கூட்டு. மையச் செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை, சேமிப்பு வட்டு, மின்வழங்கி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மூப்படைகின்றன. திறன்பேசியில் ஒன்று கெட்டால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை. மேசைக் கணினியில் அப்படியில்லை. திருப்புளி ஒன்று இருந்தால் பெட்டியைத் திறந்துவிடலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் முழுப் பெட்டியையும் தூக்கிப் போடுவது, டயர் தேய்ந்ததற்காகக் காரை விற்பதற்கு ஒப்பாகும்.

எடுத்துக்காட்டாக, அந்தக் கூலாய் வீட்டுக் கணினியில் இன்டெல் ஐ5-7500 செயலியும் 8 ஜிகாபைட் நினைவகமும் ஜி.டி.எக்ஸ். 1060 வரைகலை அட்டையும் சுழலும் வன்தட்டும் இருப்பதாகக் கொள்வோர் பெரிதும் தவறமாட்டார்கள். 2017இல் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய விளையாட்டுக் கணினிகளில் இது பரவலான அமைப்பு. ஜி.டி.எக்ஸ். 1060 அட்டை 2016ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. ஸ்டீம் விளையாட்டுத் தளம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் அதுவே முதலிடத்தில் இருந்தது. உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் இன்று இதே அட்டையைச் சுற்றி இதே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்.

மகனின் குறை என்ன? “மெதுவாக இருக்கிறது” என்பது குறையே அன்று. அது ஒரு முனகல். மருத்துவரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் மருந்து தர முடியாது. கணினியை இயக்கியதும் திரை வருவதற்கு மூன்று நான்கு நிமிடங்கள் ஆகின்றனவா? அது வன்தட்டின் குறை. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு, சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தேடி அலைகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத வட்டை மாற்றினால் அதே கணினி அரை நிமிடத்திற்குள் எழுந்து நிற்கும். இதைச் செய்து பார்த்தவர்கள், தாங்கள் புதுக் கணினியே வாங்கிவிட்டதாக வியந்து பேசுவதுண்டு. விளையாட்டோடு இணைய உலாவியும் உரையாடல் செயலியும் திறந்திருக்கும்போது மட்டும் திணறுகிறதா? அது நினைவகம் போதாமை. 8 ஜிகாபைட் அட்டை ஒன்று மட்டும் செருகப்பட்டிருந்தால், அதே வகை அட்டை இன்னொன்றை அருகில் செருகுவதால் இருமடங்கு இடம் கிடைக்கும். அதோடு, இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு ஓடுவதால் வேகமும் கூடும்.

விளையாடிக் கொண்டிருக்கும்போதே கணினி திடீரென அணைந்துபோனால், கடைக்காரரிடம் ஓடுவதற்கு முன்பு பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஜொகூரின் வெப்பமும் ஈரப்பதமும் எல்லாரும் அறிந்ததே. குளிரூட்டி இல்லாத அறையில், திறந்த சன்னல் அருகே எட்டு ஆண்டுகள் நின்ற பெட்டிக்குள் தூசு கம்பளிபோல் படிந்திருக்கும். செயலிக்கும் அதன் வெப்பத்தைக் கடத்தும் உலோகத்திற்கும் இடையே பூசப்பட்ட பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். வெப்பம் ஏறக்குறைய 100 பாகை செல்சியசை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தாங்காத நிலையில் கணினி அணைந்துவிடுகிறது. இதற்கு மருந்து ஒரு தூரிகையும் ஒரு சிறிய குழாய் வெப்பப் பசையும் மட்டுமே. ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவிட்டுப் புதுக் கணினி வாங்கியவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது ஒரு சனிக்கிழமை காலை மட்டும்தான் என்பது சிரிப்பதற்குரிய செய்தி அன்று. (மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அணைத்த பிறகும் அதனுள் மின்னூட்டம் தேங்கியிருக்கும்.)

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டில் காட்சி தடுமாறுகிறது என்றால்தான் செயலி, வரைகலை அட்டை ஆகிய இரண்டின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். இவ்விரண்டில் எது தடை என்பதைக் காசு செலவில்லாமல் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் திரைத் தெளிவை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு குறைத்ததும் நொடிக்குரிய காட்சிச் சட்டங்கள் வெகுவாக உயர்ந்தால், படத்தை வரையும் வரைகலை அட்டையே திணறியிருக்கிறது என்பது பொருள். குறைத்தும் உயரவில்லை என்றால், எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் செயலிதான் பின்தங்கி நிற்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விலையுயர்ந்த வரைகலை அட்டையை வாங்கி, பழைய நான்கு உள்ளகச் செயலியோடு இணைத்துவிட்டுப் பலன் இல்லையே என்று வருந்துவோர் பலர். திரையையும் மறந்துவிடக் கூடாது. நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையில், 144 சட்டங்களை உருவாக்கும் அட்டையால் கண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மின்கட்டண உயர்வுதான்.

இதுவரை சொன்னவை அப்பாவின் பக்கத்திற்கு வலு சேர்ப்பவை. மகனின் பக்கத்திலும் அசைக்க முடியாத உண்மை ஒன்று இருக்கிறது. அது வேகத்தைப் பற்றியது அன்று, பாதுகாப்பைப் பற்றியது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. தனிப்பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என்றும் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு நிபந்தனைகள் உண்டு. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும். பாதுகாப்பான தொடக்க முறை வேண்டும். செயலியும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் அப்பட்டியல், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. கூலாய் வீட்டுக் கணினியில் இருப்பதோ ஏழாம் தலைமுறை. ஓர் ஆண்டு பொறுத்து வாங்கியிருந்தால் கதவு திறந்திருக்கும்! நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவி, அதன் உறுப்பு எதுவும் கெடாமலேயே ஒரு தேதியில் முதுமை எய்திவிடுகிறது. இது பயனாளருக்கு இழைக்கப்படும் அநீதி என்று சொல்வதில் தவறில்லை. ஆனால், அநீதி என்று சொல்வதால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடப் போவதில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கப்படுவது அந்தக் கணினியில்தான் என்பதை மறந்துவிடலாகாது.

சரி, செயலியை மட்டும் மாற்றினால் என்ன? இங்குதான் தாய்ப்பலகையின் முக்கியத்துவம் புலப்படுகிறது. ஏழாம் தலைமுறைச் செயலிக்கும் எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் அடியிலுள்ள தொடுமுனைகள் ஒரே எண்ணிக்கைதான், 1151. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆயினும், பழைய பலகையில் புதிய செயலி இயங்காது. இன்டெல் அதற்கெனப் புதிய வரிசைப் பலகைகளை வெளியிட்டது. ஆகவே, செயலியை மாற்ற விரும்புவோர் பலகையையும் மாற்ற வேண்டும்.

அதே 2017ஆம் ஆண்டில் அதே விலைக்கு ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலியை வாங்கியவர்களின் கதை வேறு. அவர்களுடைய ஏ.எம்.4 வகைப் பலகைகளில் ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த செயலிகளும் பொருந்தின. 2022ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. தன் முதல் தலைமுறைப் பலகைகளுக்கும் ரைசன் 5000 வரிசைக்கான ஆதரவை வழங்கியது. பலகையின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, நான்கு திருகுகளைக் கழற்றி, செயலியை மட்டும் மாற்றினால் போதும். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் கணினி தயார். ஒரே வயதுடைய இரு கணினிகள். ஒன்றுக்கு எதிர்காலம் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. வாங்கிய நாளில் இந்த வேறுபாடு விலைச்சீட்டில் எழுதப்படவில்லை. புதிதாக வாங்கப் போகும் மாணவர்கள் கடையில் “எத்தனை ஜிகாபைட்?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “இந்தப் பலகையில் அடுத்த தலைமுறைச் செயலி பொருந்துமா?” என்றும் கேட்க வேண்டும். விற்பனையாளருக்கு விடை தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான்.

ஜி.டி.எக்ஸ். 1060 அட்டைக்கும் காலம் நெருங்கிவிட்டது. என்விடியா நிறுவனம் அத்தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற இயக்கி மென்பொருளை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டுமே வரும். ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் தொழில்நுட்பம் இந்த அட்டையில் வன்பொருளாக இல்லை. 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதம் வெளிவந்த டூம் தொடரின் புதிய பாகமும் அத்தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கின. அவற்றை எவ்வளவு தெளிவைக் குறைத்தாலும் இந்த அட்டையில் முறையாக விளையாட முடியாது.

ஆனால், மகன் விளையாடுவது எதை? வேலரன்ட், டோத்தா 2 போன்றவையே அவனும் அவன் நண்பர்களும் மாலையில் கூடும் களங்கள் என்றால், அவை எளிய கணினிகளிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. இலட்சக்கணக்கானோர் விளையாட வேண்டும் என்பதே அவற்றின் வணிகம். ஆகவே, பழைய அட்டையே போதும். இங்கும் ஒரு முடிச்சு உண்டு. வேலரன்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11 உள்ள கணினிகளில் டி.பி.எம். 2.0, பாதுகாப்பான தொடக்க முறை ஆகிய இரண்டையும் கட்டாயம் கேட்கிறது. சிலர் குறுக்குவழியில் பழைய கணினியில் விண்டோஸ் 11ஐ நிறுவிவிட்டு, பிறகு விளையாட்டு திறக்கவில்லையே என்று திகைப்பதற்கு இதுவே காரணமாகலாம். லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறினால் கணினிக்கு நீண்ட ஆயுள் கிடைக்கும், ஸ்டீம் தளத்தின் விளையாட்டுகளில் பெரும்பகுதி அதிலும் ஓடும், வேலரன்ட் ஓடாது. எந்தக் களத்தில் நண்பர்கள் இருக்கிறார்களோ அந்தக் களமே பதின்ம வயதினருக்கு முக்கியம் என்பதைப் பெரியவர்கள் அற்பமாக எண்ணக் கூடாது. மின்விளையாட்டு இன்று 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் பதக்கத்திற்குரிய விளையாட்டாக இடம்பெறும் அளவுக்கு வளர்ந்துள்ளது. அதற்காக ஒவ்வொரு மாணவனும் பதக்கம் வாங்கப் போகிறான் என்று கூறிப் பெற்றோரிடம் பணம் கேட்பதும் நேர்மையாகாது.

இனி பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய விளையாட்டுகளைத் தாராளமாக இயக்கும் ஒரு கணினி மூவாயிரம் ரிங்கிட்டிற்குள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே, மகன் கேட்பது ஒருவருடைய இரண்டு மாத உழைப்பை. “மாதத் தவணையில் எடுக்கலாம்” என்ற விளம்பரம் இந்தக் கணக்கை மறைக்க முயல்கிறது, மாற்றவில்லை.

இந்தக் கணக்கில் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எதிர்பாராத திருப்பம் ஒன்று நேர்ந்தது. பொதுவாக, கணினிப் பாகங்களின் விலை காலப்போக்கில் குறையும். பொறுத்திருந்து வாங்குபவருக்கே ஆதாயம் என்பது பழைய அறிவுரை. ஆனால், நினைவகத்தின் விலை கடுமையாக ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவையான நினைவகச் சில்லுகளின் பக்கம் உற்பத்தியாளர்கள் திரும்பியதே முக்கியக் காரணம். உலகில் நினைவகச் சில்லுகளை உருவாக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்றுதான்: சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். அவற்றுள் மைக்ரான், வீட்டுப் பயனாளர்களுக்குப் பல ஆண்டுகளாக விற்றுவந்த கிரூஷல் என்னும் தன் வணிகப் பெயரைக் கைவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதே மைக்ரானுக்கு ஜொகூரின் மூவாரில் தொழிற்சாலை உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

கூலாய் வீட்டுச் சன்னல் வழியே பார்த்தால் இதன் மறுபக்கமும் தெரியும். முன்பு எண்ணெய்ப்பனை நின்ற நிலத்தில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. செடெனாக் பகுதியிலும் அடுத்தடுத்துத் தரவு மையங்கள் முளைக்கின்றன. புதிய தரவு மையங்களுக்குச் சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் தடை விதித்திருந்ததும், பாலத்திற்கு இப்பால் நிலமும் மின்சாரமும் கிடைத்ததும் இந்த வளர்ச்சிக்கு உந்துதலாயின. தாத்தா பாட்டி காலத்தில் பால்மரமும் பனையுமாக இருந்த ஊர், இன்று உலகின் நினைவகச் சில்லுகளை விழுங்கும் ஊர்களில் ஒன்றாகிவிட்டது. அதன் விளைவாக அதே ஊரில் ஒரு மாணவன் 16 ஜிகாபைட் நினைவகத்தின் விலையைக் கண்டு பெருமூச்சு விடுகிறான். வளர்ச்சி என்பது எங்கோ நடக்கும் செய்தி அன்று. கடையின் விலைச்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஒன்று.

இச்சூழலில் பழைய பெட்டிக்குள் இருக்கும் டி.டி.ஆர்.4 நினைவகம் குப்பையன்று; சேமிப்பு. புதிய தலைமுறைக் கணினிகள் பெரும்பாலும் டி.டி.ஆர்.5 நினைவகத்தையே ஏற்கின்றன. ஆயினும், பழைய நினைவகத்தை ஏற்கும் ஏ.எம்.4 வகைப் பலகைகள் இன்னும் விற்பனையில் உள்ளன. ஆகவே, கூலாய் வீட்டுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பெட்டி, நினைவகம், வரைகலை அட்டை, திரை, விசைப்பலகை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, பலகையையும் செயலியையும் மட்டும் மாற்றி, எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றைச் சேர்ப்பது. அப்போது விண்டோஸ் 11 வரும். வங்கிக் கணக்கு பாதுகாப்பாக இருக்கும். நண்பர்களோடு விளையாட்டும் தொடரும். வரைகலை அட்டையை இன்னும் ஓராண்டு கழித்து, கையில் பணம் சேர்ந்தபின் மாற்றலாம். முழுக் கணினியின் விலையில் பாதிக்கும் குறைவாகவே இது முடியக்கூடும்.

இந்தப் ‘பாதி’ என்ற எல்லையை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது நல்லது. பழுதுபார்ப்பும் பாக மாற்றமும் சேர்ந்து, அதே திறனுள்ள புதுக் கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் நின்றுவிட வேண்டும். பழையதைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் மாதம் ஒரு பாகமாக வாங்கி, ஆண்டு இறுதியில் இரண்டு கணினிகளின் விலையைச் செலவழித்தவர்களும் உண்டு. அவர்களிடம் மீதமிருப்பது பழைய பெட்டிதான். அதிலும் எட்டு ஒன்பது ஆண்டுகள் உழைத்த மின்வழங்கியை நம்பிப் புதிய, அதிக மின்சாரம் உண்ணும் அட்டையைப் பொருத்துவது அறிவுடைமை ஆகாது. ஜி.டி.எக்ஸ். 1060 உண்பது 120 வாட். அதற்கு ஈடாகப் பலர் பரிந்துரைக்கும் ஆர்.டி.எக்ஸ். 3060 உண்பது 170 வாட். இடியும் மின்னலும் மிகுந்த மலேசியாவில் மின்வழங்கி என்பது சிக்கனம் காட்டும் இடம் அன்று. அது போனால் தனியாகப் போகாமல் பலகையையும் அட்டையையும் உடன் அழைத்துக்கொண்டு போகக்கூடும். தாய்ப்பலகை முற்றிலும் பழுதடைந்துவிட்ட கணினிக்கோ, ஐந்து பாகங்களில் நான்கை மாற்ற வேண்டிய கணினிக்கோ புதியதே சரியான தீர்வு. அந்நிலையில் மகன் சொல்வதே நியாயம்.

எங்கே வாங்குவது என்பதிலும் ஜொகூருக்கே உரிய ஒரு சபலம் உண்டு. ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசா ஒரு புறம். பாலத்திற்கு அப்பால் சிம் லிம் சதுக்கம் மறுபுறம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்கள் மதிய உணவு இடைவேளையில் விலை விசாரித்து வருவதுண்டு. செருகியும் மின்னழுத்தமும் இரு நாடுகளிலும் ஒன்றே என்பதால் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. உத்தரவாதம்தான் சிக்கல். மூன்று மாதத்தில் அட்டை பழுதானால், குடிநுழைவு வரிசையில் அதையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். நூறு ரிங்கிட் மிச்சத்திற்காக அதைச் செய்ய வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே எண்ணிப் பார்ப்பது நலம். இரண்டாம் கையாக வாங்குவோர், விற்பவரின் வீட்டிலேயே கணினியில் பொருத்தி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கழற்றப்பட்ட பாகங்கள் எங்கே போகின்றன என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி. பல வீடுகளில் கேட்கப்படாமலேயே போகும் கேள்வியும்கூட. ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே. மீதி எரிக்கப்பட்டது, புதைக்கப்பட்டது, அல்லது உரிமமற்ற கொட்டகைகளில் பிரிக்கப்பட்டது. பலகையின் பற்றவைப்பில் ஈயம் இருக்கக்கூடும். நெகிழியில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும். கம்பிகளை எரித்துச் செம்பைப் பிரிக்கும்போது எழும் புகை நச்சுடையது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிமுறைகள் மின்கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் வகைப்படுத்தியுள்ளன. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்களே அதைக் கையாளலாம்.

ஜொகூர் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது கணினிக் கழிவு அன்று. ஆனால், சட்டவிரோதமாக வீசப்படும் கழிவு முதலில் போய்ச் சேர்வது ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறைக்குள் என்பதை அந்த மாதம் காட்டியது.

ஆகவே, கூலாய் வீட்டில் மாற்றப்படும் பழைய பலகையையும் வன்தட்டையும் வாசலில் வரும் பழைய சாமான்காரரிடம் ஐந்து ரிங்கிட்டிற்குத் தள்ளிவிடுவது முறையன்று. நல்ல நிலையில் உள்ள பாகத்தை இணையச் சந்தையில் விற்கலாம்; இன்னொருவருடைய கணினி அதனால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழும். கெட்டதை மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். அதற்கு முன்பு வன்தட்டில் உள்ளவற்றை முழுமையாக அழிக்க வேண்டும். கோப்புகளைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது அழிப்பதாகாது. தட்டு முழுவதையும் மீண்டும் எழுதி நிரப்பும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் அதில் அண்ணனின் எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களும், அப்பாவின் அடையாள அட்டை நகலும், அம்மா எடுத்த தீபாவளிப் படங்களும் சேர்ந்திருக்கும். படங்களை முதலில் வேறிடத்தில் சேமித்து, திறந்து பார்த்துச் சரியாக வந்திருக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்.